முயல் முத்திரையைச் சோதித்தவர் யார்?

புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி கடைவீதியில் எந்த ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைந்தாலும் கண்ணாடி அலமாரியில் ஃபேஸ்வாஷ், சன்ஸ்கிரீன், காஜல், லிப்ஸ்டிக், தலைக்குத் தடவும் சீரம் என்று ஒரு வரிசை நிற்கிறது. அதில் ஒரு பெட்டியை எடுத்துப் பின்பக்கம் திருப்பினால் பொடி எழுத்தில் நிறைய விவரங்கள் தெரியும்: உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த மாதம், எப்போதுவரை பயன்படுத்தலாம் என்ற கெடு, அதிகபட்ச சில்லறை விலை, நிகர எடை, சேர்மானப் பட்டியல். இவற்றுக்குப் பக்கத்திலேயே பல பெட்டிகளில் துள்ளி ஓடும் முயலின் படமும், விலங்குகள் மீது சோதிக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கும். நிகர எடை குறைந்தால் கேட்பதற்குத் தொழிலாளர் துறையில் எடையளவு ஆய்வாளர் இருக்கிறார். உரிம எண் போலியானால் மருந்து ஆய்வாளர் வழக்குப் போடலாம். விலையைக் கூட்டி விற்றால் அதற்கும் தண்டனை உண்டு. அந்த முயல் படம் மட்டும் யாரும் சரிபார்க்காமல், நிறுவனம் தானே எழுதித் தானே ஒட்டிக்கொண்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லா நிறுவனங்களும் பொய் சொல்கின்றன என்று சொல்வதற்கில்லை. உண்மையிலேயே கவனமாக நடந்துகொள்பவை இருக்கின்றன. ஆனால் எது உண்மை, எது வெறும் விளம்பரம் என்று பிரித்தறிய வாங்குபவரிடம் எந்த வழியும் இல்லாதபோது, ஆதாரம் காட்டும்வரை அந்த வரியை நம்பாமல் இருப்பதுதான் நியாயம்.

முயல் எப்படி இந்த விவகாரத்தின் அடையாளம் ஆனது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1944-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரெய்ஸ் என்ற நச்சியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். வெள்ளை முயலின் ஒரு கண்ணில் கீழிமையை இழுத்துப் பிடித்து, அங்கே உண்டாகும் குழிவில் சோதிக்க வேண்டிய பொருளை ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு விடுவார்கள். மற்றொரு கண் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விடப்படும். ஒரு மணி நேரம் கழித்து, 24 மணி நேரம் கழித்து, 48, 72 என்று பார்த்து, சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, கருவிழி மங்குதல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். புண் ஆறுகிறதா என்று அறிய 21 நாள்வரை காத்திருப்பதும் உண்டு. முயலுக்குக் கண் பெரியது, சுபாவம் சாது, கண்ணீர் குறைவாகச் சுரப்பதால் விட்ட பொருள் எளிதில் கழுவிப் போகாது. அது தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் இவைதான். தோல் எரிச்சலுக்கு முயலின் முதுகு ரோமத்தை மழித்துத் தடவுவது, ஒவ்வாமைக்குக் கினியா பன்றி, உள்ளே போனால் என்ன ஆகும் என்றறிய எலிக்கு வாய்வழியாகக் கொடுப்பது என்று இதே வரிசையில் வேறு பல சோதனைகள் இருக்கின்றன. சோதனை முடிந்ததும் அந்த விலங்குகள் பெரும்பாலும் கொல்லப்படுகின்றன. இன்னொரு நிற உதட்டுச் சாயத்துக்காக, இன்னொரு வாசனை ஷாம்பூவுக்காக இதைச் செய்ய வேண்டுமா என்ற கேள்வி மனசாட்சி உள்ள எவருக்கும் எழும். அந்தக் கேள்வியின் வலிமையை வைத்துத்தான் முயல் படம் விற்பனைக்கு உதவுகிறது. ஆகவே அந்தப் படம் பொய்யாக இருந்தால், ஏமாற்றப்படுவது வாங்குபவரின் இரக்கம்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? 2013 ஜூனில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அழகுப்பொருள் குழு, தன் தர நிர்ணயத்திலிருந்து விலங்குச் சோதனைகளை நீக்க முடிவெடுத்தது. 2014 மே 21 அன்று மருந்துகள், அழகுப்பொருள்கள் விதிகளில் 148-சி என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. அழகுப்பொருளைச் சோதிக்க எந்த விலங்கையும் யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் 135-பி விதி வந்தது. 2014 நவம்பர் 12-க்குப் பிறகு விலங்குகள் மீது சோதிக்கப்பட்ட அழகுப்பொருளை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றது. 2020-இல் தனியாக வெளியான அழகுப்பொருள் விதிகளிலும் இந்தத் தடை தொடர்கிறது. தெற்காசியாவில் இப்படிச் செய்த முதல் நாடு இந்தியா. அதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் இந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு அந்த முயல் படத்தை மறுபடி பாருங்கள். இந்தியாவில் தயாரித்து இந்தியாவிலேயே விற்கும் ஒரு க்ரீமை முயலின் கண்ணில் விட்டுச் சோதிப்பது 2014 முதல் குற்றம். குற்றம் செய்யவில்லை என்று சொல்வதைச் சிறப்புத் தகுதியாகப் பெட்டியில் அச்சிட்டு விற்பது சரியா? ஐரோப்பிய ஒன்றியம் இதற்குத் தெளிவாகவே விடை சொல்லியிருக்கிறது. அங்கே 2013-இல் வந்த 655-ஆம் எண் விதிமுறைப்படி, சட்டம் கட்டாயப்படுத்துவதைச் செய்ததையே பொருளின் தனிச் சிறப்பாகக் காட்டக் கூடாது. இங்கே அப்படியொரு கட்டுப்பாடு அழகுப்பொருளுக்கு இல்லாததால், சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவரும் அதற்கு மேல் உழைத்தவரும் ஒரே முயலைப் போட்டுக்கொள்கிறார்கள்.

அதற்கு மேல் உழைப்பது என்றால் என்ன என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு க்ரீம் என்பது நிறுவனத்தின் ஆலையில் கலந்து நிரப்பப்படும் பொருள். அதில் சேரும் பதப்படுத்தி, நிறமி, நுரை தரும் பொருள், வாசனைத் திரவியம், வெயிலைத் தடுக்கும் வடிகட்டி ஆகியவற்றைப் பெரும்பாலும் வேறு ரசாயன நிறுவனங்கள் தயாரித்து மூட்டையிலும் பீப்பாயிலும் அனுப்புகின்றன. "எங்கள் பொருளை விலங்குகள் மீது சோதிப்பதில்லை" என்று க்ரீம் நிறுவனம் சொல்லும்போது அது சொல்லுக்குச் சொல் உண்மையாக இருக்கலாம்; மூட்டையில் வந்த ரசாயனத்தை வேறொரு நாட்டு ஆய்வகத்தில், வேறொரு நிறுவனம், போன வருடம் சோதித்திருக்கலாம். நம் 1940-ஆம் ஆண்டு சட்டத்தில் அழகுப்பொருள் என்பதற்கான வரையறை, அதன் சேர்மானமாகப் பயன்படுத்தவுள்ள பொருளையும் உள்ளடக்குகிறது என்பது உண்மைதான். அந்த வகையில் நம் சட்டம் பலருக்குத் தெரிந்ததைவிட வலுவானது. ஆனால் ஒரே ரசாயனம் சோப்பிலும் வருகிறது, துணி துவைக்கும் திரவத்திலும் வருகிறது, மாத்திரையிலும் பூச்சிமருந்திலும் வருகிறது. பூச்சிமருந்துப் பதிவுக்கு விலங்குச் சோதனைத் தரவு கேட்கப்படுகிறது. புதிய மருந்துக்கும் அப்படியே. அந்தக் காரணத்தைச் சொல்லிச் சோதிக்கப்பட்ட ரசாயனம் பிறகு நம் முகப்பூச்சுக்குள் வந்தால் விதி மீறப்படவில்லை, முயலுக்கு மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை. இன்னொரு வாசலும் திறந்து கிடக்கிறது. நம் ஊர்களில் விற்கும் மஞ்சள், வேம்பு, குங்குமாதி என்ற பெயருள்ள பல க்ரீம்களும் சோப்புகளும் ஆயுர்வேத மருந்து உரிமத்தில் தயாராகின்றன. அழகுப்பொருளுக்கென எழுதப்பட்ட தடை மருந்து உரிமம் பெற்ற பொருளை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பதை அந்த விதிகள் சொல்லவில்லை. வாங்குபவர் பார்வையில் இரண்டும் முகத்துக்குப் போடுகிற க்ரீம்தான்.

இறக்குமதிச் சரக்கில் நிலைமை இன்னும் பலவீனம். வெளிநாட்டு அழகுப்பொருளுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவுச் சான்று வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்துடன், 2014 நவம்பர் 12-க்குப் பிறகு இந்தப் பொருள் விலங்குகள் மீது சோதிக்கப்படவில்லை என்று ஓர் உறுதிமொழி தர வேண்டும். அதைத் தருவது விண்ணப்பிக்கும் தரப்பே. சப்ளையரின் ஆய்வகத்துக்குப் போய்ப் பார்க்கும் ஏற்பாடோ, மூலப்பொருள் வாரியாகச் சோதனை வரலாற்றைக் கேட்கும் ஏற்பாடோ அதில் இல்லை. கையெழுத்துப் போட்டவரின் நேர்மை ஒன்றே பிணை. ஒரு பட்டா மாறுதலுக்குக்கூட மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்கும் நாட்டில், இவ்வளவு பெரிய வாக்குறுதிக்கு ஒரு தாள் போதும் என்பதை ஏற்க முடியவில்லை.

சப்ளையர் வரை போய்ப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஐரோப்பாவில் பதிவான சான்றுகள் இருக்கின்றன. உலகிலேயே கடுமையான தடை அங்கேதான். முழுமையாகத் தயாரான பொருளைச் சோதிக்க 2004-இலும், மூலப்பொருளைச் சோதிக்க 2009-இலும் தடை வந்தது. சோதித்ததை விற்கவே கூடாது என்ற தடை 2013 மார்ச் 11 அன்று முழுமையடைந்தது. ஆனால் ரசாயனங்களைப் பதிவுசெய்யும் 'ரீச்' என்ற இன்னொரு சட்டம் அங்கே தனியாக இயங்குகிறது. ஆலைத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காகவும் சுற்றுச்சூழலுக்காகவும் சில ரசாயனங்களுக்கு விலங்குச் சோதனைத் தரவை அது கேட்கிறது. 2021-இல் 'ஆல்டெக்ஸ்' ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, அழகுப்பொருளில் மட்டுமே பயன்படுவதாகப் பதிவான 419 ரசாயனங்களின் கோப்புகளை அலசியது. அவற்றில் 63-இல் தடைத் தேதிக்குப் பிறகு செய்த, அல்லது நடந்துகொண்டிருந்த விலங்குச் சோதனைகள் இருந்தன. ஜெர்மனியின் சிம்ரைஸ் நிறுவனத்தின் வழக்கு இன்னும் தெளிவானது. அது தயாரிக்கும் ஹோமோசாலேட் உள்ளிட்ட இரண்டு வெயில் தடுப்பு ரசாயனங்களுக்கு விலங்குச் சோதனை செய்தாக வேண்டும் என்று ஐரோப்பிய ரசாயன முகமை உத்தரவிட்டது. நிறுவனம் அதை எதிர்த்து வழக்காடியது. 2023 நவம்பர் 22 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் முகமையின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆலங்குடி அலமாரியில் இருக்கும் சன்ஸ்கிரீன் டியூபுகளின் சேர்மானப் பட்டியலைப் படித்தால் ஹோமோசாலேட் என்ற பெயர் சிலவற்றில் கண்ணில் படும். அந்த டியூபில் இருப்பது சிம்ரைஸ் தயாரித்ததுதான் என்று நான் சொல்லவில்லை. சோதனை வேண்டாம் என்று தயாரித்த நிறுவனமே நீதிமன்றம் போயும் தோற்ற ஒரு ரசாயனத்தைப் பற்றி, அதை வாங்கிக் கலக்கும் நிறுவனம் எந்த விளக்கமும் இல்லாமல் ஒரு முயலை வரைந்துவிட்டுப் போக முடியாது என்கிறேன்.

நிறுவனங்கள் வெளிப்படையாகவே சொன்னதற்கு மாறாக நடந்ததற்கும் வரலாறு இருக்கிறது. ஏவன், மேரி கே ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் 1989-லேயே விலங்குச் சோதனையைக் கைவிட்டுவிட்டதாக அறிவித்துப் பெயர் வாங்கியவை. சீனச் சந்தையில் விற்பதற்காக அந்த நாட்டு அரசு கேட்ட விலங்குச் சோதனைகளுக்கு அவை பணம் கட்டிவந்தது 2012-இல் வெளியே வந்தது. விலங்குரிமை அமைப்பான பீட்டா, விலங்குச் சோதனை செய்யாத நிறுவனங்கள் என்ற தன் பட்டியலிலிருந்து அவற்றையும் எஸ்டீ லாடர் நிறுவனத்தையும் நீக்கியது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த நிறுவனங்கள் தம் சொந்த ஆய்வகத்தில் சோதிக்கவில்லை என்பதுதான். சோதித்தது சீன ஆய்வகம். கேட்டது சீன அரசு. காசு மட்டும் நிறுவனத்துடையது. "சட்டம் கேட்கும் இடங்களில் தவிர" என்ற சின்னத் தொடரைச் சேர்த்துவிட்டால் எந்த வாக்குறுதியும் அதோடு வலுவிழந்துவிடும். இன்றும் பல பன்னாட்டு நிறுவனங்களின் கொள்கை அறிக்கைகளில் அந்தத் தொடர் இருக்கிறது, பெட்டியில் இருக்காது. சீனா 2021 மே முதல் இறக்குமதியாகும் சாதாரண அழகுப்பொருள்களுக்கு, உற்பத்தித் தரச் சான்றும் பாதுகாப்பு மதிப்பீடும் கொடுத்தால் விலங்குச் சோதனையிலிருந்து விலக்குத் தருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் குழந்தைகளுக்கானவை, புதிய மூலப்பொருள் சேர்ந்தவை போன்றவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே எந்தச் சந்தையில் என்ன விற்கிறது என்று தெரியாமல் ஒரு நிறுவனத்தின் சொல்லை எடைபோட முடியாது.

சரி, முத்திரைகளை நம்பலாமா? எல்லா முயலும் ஒரே முயல் அல்ல. 1996-இல் அமெரிக்காவில் விலங்குநல அமைப்புகள் கூடி உருவாக்கிய 'லீப்பிங் பன்னி' திட்டத்தில் ஒரு நிறுவனம் சேர வேண்டுமானால் ஒரு கெடுதேதியை நிர்ணயிக்க வேண்டும். அதற்குப் பின் தன் சப்ளையர்கள் யாரும் சோதிக்கவில்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும். வெளியார் தணிக்கைக்கும் உட்பட வேண்டும். பீட்டாவின் பட்டியல் பெரும்பாலும் நிறுவனம் நிரப்பித் தரும் வினாத்தாளையும் உறுதிமொழியையும் நம்பி இயங்குகிறது. இரண்டுக்கும் அப்பால், ஓவியரிடம் சொல்லி வரைந்துகொண்ட முயல்கள் ஏராளம். பெட்டியின் பின்னால் கால் அங்குல அளவில் அச்சாகும்போது இவற்றைப் பிரித்தறிவது ஒரு விலங்குநல ஆர்வலருக்கே கடினம். 'கொடுமையற்றது' என்ற சொல்லுக்கோ 'விலங்குகள் மீது சோதிக்கப்படாதது' என்ற சொல்லுக்கோ சட்ட வரையறை எதுவும் இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே நுகர்வோருக்கு எழுதியிருக்கிறது. போதாக்குறைக்கு, சில சோப்பு உறைகளில் பச்சைப் புள்ளி இருக்கிறது. பொருளில் விலங்குக் கொழுப்பு போன்றவை சேர்ந்திருக்கின்றனவா என்பதைத்தான் அது சொல்லும். சோதனை பற்றி அது எதுவும் பேசாது. 'வீகன்' என்று எழுதியிருப்பதும் அப்படியே. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்து வாங்குபவர்கள்தான் அதிகம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குச் சரிபார்ப்பு என்றால் என்ன என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அதிக ஜல்லிக்கட்டு நடக்கும் மாவட்டங்களில் இது முன்னணியில் இருப்பது. 2014 மே 7 அன்று நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து மே 21 அன்று முயலைக் காக்கும் 148-சி விதி வந்தது. முதலாவதைப் பற்றித் தமிழகம் மூன்று ஆண்டு பேசியது, 2017 ஜனவரியில் தெருவுக்கே வந்தது. இரண்டாவது வந்த சுவடே தெரியவில்லை. பிறகு ஜல்லிக்கட்டு திரும்பி வந்தபோது வெறும் வாக்குறுதியின் பேரில் வரவில்லை. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வாடிவாசலுக்கு வருமுன் ஒவ்வொரு காளையையும் கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். மாடுபிடி வீரர்களுக்கு உடற்தகுதிச் சோதனை உண்டு. வருவாய்த் துறையும் காவல் துறையும் களத்தில் நிற்கும். கேமரா பதிவு ஓடும். "எங்கள் காளையைத் துன்புறுத்தவில்லை" என்று உரிமையாளர் சொன்னால் போதும் என்று யாரும் விடவில்லை. ஒரு கிராமத்துக் காளை உரிமையாளரிடம் இவ்வளவு கேட்கிற அரசு, கோடிகளில் விளம்பரம் செய்யும் நிறுவனத்திடம் ஒரு தாளோடு நின்றுவிடுவது எப்படிச் சரியாகும்?

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் கனமானது மனிதப் பாதுகாப்பு பற்றியது. 1933-இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் விற்பனைக்கு வந்தது. அதைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குக் கண் பார்வையே போனது, உயிரிழப்பும் நேர்ந்தது. அழகுப்பொருளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். டிரெய்ஸின் சோதனை கொடுமையான மனத்திலிருந்து பிறந்ததல்ல. இப்படிப்பட்ட விபத்துகளின் பின்னணியில் பிறந்தது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் 1944-இல் வேறு வழி இல்லை, இன்று இருக்கிறது. மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் அடுக்கடுக்காக வளர்த்து, அதன் மேல் பொருளைத் தடவி எரிச்சலை அளக்கும் முறையை, பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2010-இல் 439-ஆம் வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டது. கண் பாதிப்புக்கு, இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டுக் கருவிழியைப் பயன்படுத்தும் முறை அதற்கு முந்தைய ஆண்டே ஏற்கப்பட்டது. நமக்குப் பக்கத்திலேயே, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009-இல் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் தொடங்கப்பட்டது. உயிரியல் கல்வியிலும் ஆய்விலும் விலங்குகளுக்கு மாற்று தேடுவதற்காகவே தொடங்கப்பட்ட அந்த மையம் பேராசிரியர் எம்.ஏ. அக்பர்ஷா தலைமையில் இயங்கியது. புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருப்பதும் அந்தப் பல்கலைக்கழகத்தோடுதான். நீண்டகால நச்சுத்தன்மை, கருவின் மீதான பாதிப்பு போன்றவற்றுக்கு முழுமையான மாற்று இன்னும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் புதிய ரசாயனங்கள் விஷயத்தில் சிக்கல் நீடிக்கிறது. அப்படியானால் நிறுவனம் செய்ய வேண்டியது, பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்து பாதுகாப்பு தெரிந்த ஆயிரக்கணக்கான சேர்மானங்களை வைத்துத் தயாரிப்பது. புதியதைச் சேர்த்தால் அது எப்படிச் சோதிக்கப்பட்டது என்று மறைக்காமல் சொல்வது. விலங்குச் சோதனை தவிர்க்க முடியாதது என்று வாதிடும் நிறுவனத்தோடு நாம் விவாதிக்கலாம். அதைச் செய்துவிட்டு இல்லை என்பவரோடு விவாதிக்க எதுவும் இல்லை.

ஆடும் கோழியும் வெட்டுகிற ஊரில் முயலுக்காக ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்களும் இருப்பார்கள். கறி சாப்பிடுபவர் கறிக்கடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தே வாங்குகிறார். கடைக்காரர் அதை ஒளிப்பதில்லை. இங்கே, நடக்கவில்லை என்ற உத்தரவாதத்துக்காகவே ஒருவர் பத்து இருபது ரூபாய் கூடக் கொடுத்து வாங்குகிறார். அவர் சைவமா அசைவமா என்பது அந்த ஒப்பந்தத்தில் வராது. சொன்ன சரக்கைக் கொடுத்தார்களா என்பதே கேள்வி. தவிரவும், பசிக்காக ஓர் உயிரைக் கொல்வதை ஏற்கும் மனிதர், முகப்பரு க்ரீமின் ஐந்தாவது வடிவத்துக்காக ஓர் உயிரின் கண்ணைப் புண்ணாக்குவதை ஏற்க மறுக்கலாம். நம் வீடுகளில் அந்த வேறுபாடு எல்லோருக்கும் புரிந்ததுதான்.

சிறு தயாரிப்பாளர்களைப் பற்றிய கவலை இதைவிட நியாயமானது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நலங்கு மாவும் மூலிகைச் சோப்பும் குளியல் பொடியும் தயாரித்து விற்கின்றன. வெளிநாட்டுத் தணிக்கையும் முத்திரைக் கட்டணமும் கட்டாயம் என்றால் அவர்கள் கடையைச் சாத்த வேண்டியதுதான். பெரிய நிறுவனங்கள் மட்டும் முயலோடு நிற்கும். எனவே கேட்க வேண்டியது முத்திரையை அல்ல, விவரத்தை. பயறும் பூலாங்கிழங்கும் ரோஜா இதழும் காயவைத்து அரைத்த நலங்கு மாவுக்கு எழுத வேண்டியது இரண்டு வரிதான்: சேர்மானம் இவை, வெளியில் வாங்கிய ரசாயனம் எதுவும் இல்லை. சோப்புக்கு வாசனையும் பதப்படுத்தியும் வாங்கினால், யாரிடம் வாங்கினோம் என்று இன்னொரு வரி. நாற்பது சேர்மானம் உள்ள சீரத்துக்கு அதுவே நான்கு பக்கம் ஆகும், அதை நிரப்ப அந்த நிறுவனத்திடம் ஆளும் பணமும் இருக்கின்றன. சேர்மானம் கூடக் கூட எழுத்து வேலையும் கூடும். சேர்மானம் குறைந்தால் அதுவும் குறையும். இப்படிப் பார்த்தால், வெளிப்படைத்தன்மையில் சிறியவர்களுக்கே லாபம்.

சாஷே வாங்குகிற ஏழைப் பெண் இதையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை, முடியாது என்பதுதான். அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் தவறு. நூறு நாள் வேலைக்குப் போய்வந்து இரண்டு ரூபாய் ஷாம்பூ வாங்குபவர் மீது உலக விநியோகச் சங்கிலியைத் துருவும் பொறுப்பைச் சுமத்தக் கூடாது. ஆராய வேண்டிய இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளம்பரம் என்பதற்குத் தரும் வரையறையில் லேபிளும் உறையும் அடங்கும். அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தவறாக வழிநடத்தும் விளம்பரம் பற்றிய புகாரை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை தரும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்குக் கொடுக்கிறது. ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் போடலாம். 2024 அக்டோபரில் அந்த ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 'இயற்கையானது', 'தூய்மையானது', 'கொடுமையற்றது' போன்ற பொதுச் சொற்களை உரிய விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கின்றன. ஆக, முயலுக்கும் ஓர் அதிகாரி உண்டு. அவரிடம் புகாரோடு யாரும் போனதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். கல்லூரி நுகர்வோர் மன்றங்களும், மாவட்டத்தில் இயங்கும் நுகர்வோர் அமைப்புகளும் அதைச் செய்யலாம். தனி நபரும் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் புகார் சொல்லலாம்.

புகாரில் என்ன கேட்பது? மூன்று கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது. முயல் படம் முழுமையான பொருளுக்கு மட்டுமா, ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் சேர்த்தா? எந்தத் தேதிக்குப் பிறகு சோதிக்கவில்லை என்கிறீர்கள், அதைச் சப்ளையர்களிடம் எழுத்தில் வாங்கியிருக்கிறீர்களா? விலங்குச் சோதனையைச் சட்டம் கேட்கும் நாடு எதிலாவது இந்தப் பெயரில் பொருள் விற்கிறீர்களா? ஐரோப்பிய ஆணையம் 2006-லேயே, நிறுவனமும் சப்ளையர்களும் முழுப்பொருள், மாதிரி, மூலப்பொருள் எதையும் சோதிக்காமல், பிறரிடம் சோதிக்கச் சொல்லாமல், புதிய அழகுப்பொருளுக்கென்று பிறர் சோதித்ததையும் பயன்படுத்தாமல் இருந்தால் மட்டுமே இந்த வரியை அச்சிடலாம் என்று பரிந்துரைத்துவிட்டது. அந்த வாசகத்தை நம் அழகுப்பொருள் விதிகளில் ஒரு துணைவிதியாகச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும், 2014-இல் 148-சி விதி வந்ததும் அப்படித்தான். அதுவரை, ஒவ்வொரு உறையிலும் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு இந்த மூன்று கேள்விகளைக் கேட்டு ஒரு செய்தி அனுப்பலாம். ஒழுங்காக நடக்கும் நிறுவனத்திடம் பதில் ஏற்கெனவே கோப்பில் இருக்கும், ஒரே நாளில் வந்துவிடும். பதில் வராத நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலை இணைத்து அனுப்பினால், ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் புகாருக்கு அதுவே முதல் ஆவணம்.